கேடிஎச் வான்: சூட்டில் ஸ்டார்ட் இழுக்குது, கோட் பி0183. எரிபொருள் வெப்பநிலை சென்சரை மாற்றவா?

கல்லடி_கேடிஎச் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். வான் டொயோட்டா ஹயேஸ் கேடிஎச் 201, டீசல் எஞ்சின் 1கேடி, ஜப்பான் இறக்குமதி. காலையில் சாவி திருப்பின உடனே பிடிக்குது, ஒரு குறையும் இல்ல. கல்முனைக்கு ஓடிப்போய் ஆக்களை இறக்கி, ஒரு இருபது நிமிசம் நிறுத்தி வச்சிட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணினா ஆறு ஏழு செக்கன் சுத்த வேண்டிக் கிடக்கு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல நின்றா பிரச்சினை குறையுது. ஓடும்போது இழுவை பரவாயில்ல, கறுப்புப் புகை இல்ல.

செக் எஞ்சின் லைட் இடைக்கிட எரியும், மறுகா தானாக அணையும். கிறவல் ரோட்டில் குலுங்கினா கூட எரியுது. ஸ்கானர் போட்டா பி0183 என்ற பழுதுக் கோட் மட்டும்தான். ஒரு கராஜில் எரிபொருள் வெப்பநிலை சென்சரை மாற்றச் சொன்னாங்க, இன்னொரு இடத்தில் எஸ்சிவி (பம்புக்குள்ள போற டீசல் அளவைக் கட்டுப்படுத்திற வால்வு) என்றாங்க. ரெண்டும் மலிவான சாமான் இல்ல. வாங்க முதல் நானே எதை எதை அளந்து பார்க்கலாம்? டிஜிட்டல் மீற்றர் ஒன்று இருக்கு. லப்டொப்பும் டெக்ஸ்ட்ரீம் (டொயோட்டாவின் சோதனை மென்பொருள்) கேபிளும் இரவல் எடுக்கலாம்.

செங்கலடி_டீசல் எழுதியது:

தம்பி, கையில் மீற்றரும், சென்சர் எண்களை நேரடியாகக் காட்டிற லைவ் டேட்டாவும் இருந்தா கடைக்குப் போக ஒரு அவசரமும் இல்ல. பி0183 என்றா அந்த சர்க்கியூட்டில் வோல்டேஜ் அளவுக்கு மிஞ்சி ஏறியிருக்கு என்று மட்டும்தான் அர்த்தம். சென்சர் செத்துப்போச்சு என்று அது சொல்லல. இந்த சென்சர் சூடு ஏற ஏற தடை குறையிற வகை. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்திற கணினி) உள்ளுக்குள்ள ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட் கொடுத்து, சென்சருக்கு மேல எவ்வளவு நிற்குது என்று பார்க்கும். வயர் விட்டுப்போனா வோல்டேஜ் 5க்கு ஏறும், ஈசியூ அதை மைனஸ் 40 பாகை என்று வாசிக்கும், பி0183 விழும். வயர் ரெண்டும் ஒன்றோடொன்று பட்டாலோ வானின் பொடிக்கு (உலோக உடலுக்கு) அடிச்சாலோ வோல்டேஜ் பூச்சியத்துக்கு இறங்கும், 140 பாகை என்று காட்டும், அப்ப பி0182 விழும். பி0183 வந்ததால டீசல் கொதிக்குது என்று நினைக்காதீங்க. நேர்மாறு. ஈசியூ பார்வையில் டீசல் உறைஞ்சு கிடக்கு.

குலுங்கும்போது லைட் எரியுது, பிறகு அணையுது என்று சொன்னதுதான் எனக்கு முக்கியமாப் படுது. உள்ளுக்குள்ள செத்த சென்சர் கிறவல் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. வயரும் பிளக்கும்தான் பார்க்கும்.

முதல் வேலை ஒரு சதமும் செலவில்லாதது. இரவு முழுக்க வானை நிறுத்தி வைங்க. காலையில் ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஓன் பண்ணி, லைவ் டேட்டாவில் மூன்று வெப்பநிலையைப் பாருங்க: கூலன்ட், உள்ளே போற காற்று, எரிபொருள். ஏழெட்டு மணித்தியாலம் நின்ற எஞ்சினில் மூன்றும் வெளிக்காற்றோடு ஒத்துப்போக வேணும், தங்களுக்குள்ள மூன்று நாலு பாகைக்கு மேல விலகக் கூடாது. நம்ம பக்கத்தில் காலையில் 26, 28 என்று வரும். எரிபொருள் மட்டும் தனிய விலகி நின்றா அந்த சர்க்கியூட்டில் ஏதோ இருக்கு. மூன்றுமே ஒரே பக்கம் விலகினா சென்சரை விட்டுட்டு பொது எர்த்தைப் பாருங்க. இந்த சென்சர்கள் எல்லாத்துக்கும் ஈ2 என்ற ஒரே எர்த் வயர்தான்.

பிறகு ஓடி நல்லாச் சூடாக்கிட்டு திரும்ப ஒருதரம் பாருங்க. காலை அளவும் சூட்டு அளவும் ரெண்டும் எழுதிப் போடுங்க. ஒன்றை மட்டும் வச்சு முடிவெடுக்க ஏலாது.

மண்முனை_மெக்கானிக் எழுதியது:

நான் எஸ்சிவி பக்கம். 1கேடியில் சூட்டில் ஸ்டார்ட் இழுத்தா முதல் சந்தேகம் எஸ்சிவி, ரெண்டாவது இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரில் இருந்து டாங்கிக்குத் திரும்பிப் போற டீசல்). ஸ்டார்ட் பிடிக்கிறதுக்கு ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற உயர் அழுத்தக் குழாயில், பிரஷர் ஏற வேணும். சூட்டில் டீசல் தண்ணியாகும், பம்புக்குள்ளயும் இன்ஜெக்டருக்குள்ளயும் கசிவு கூடும், பிரஷர் ஏறச் சுணங்கும். எரிபொருள் வெப்பநிலை என்பது ஈசியூவுக்கு ஒரு சின்னத் திருத்தக் கணக்கு. அதுக்காக ஏழு செக்கன் சுத்தாது.

அக்கரைப்பற்று_வயரிங் எழுதியது:

மண்முனை அண்ணன் சொன்ன கசிவுக் கணக்கு சரி. அதாலதான் இந்த சென்சரைப் பம்பில வச்சிருக்கு. டீசல் ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட 0.08 வீதம் விரியும். 30 பாகை ஏறினா அதே கன அளவில் ரெண்டரை வீதம் டீசல் குறைவு. அதோட மெலிஞ்ச டீசல் பம்புக்குள்ள கூடக் கசியும். ஈசியூ ரெண்டையும் சேர்த்து ஈடுகட்டி, சுத்தும்போது கொடுக்கிற அளவைக் கூட்டும். டீசல் 60 பாகையில் நிற்க, ஈசியூ 30 என்று நம்பினா அந்த ஈடு கிடைக்காது. பம்பும் இன்ஜெக்டரும் புதுசா இருக்கிற வானில் இது தெரியவே தெரியாது. கொஞ்சம் தேஞ்ச வானில் ரெண்டும் சேர்ந்து ஸ்டார்ட்டை இழுக்கும். ஆகவே எஸ்சிவியா சென்சரா என்று இப்பவே பக்கம் பிரிய வேணாம், அளவு வரட்டும்.

இருபது நிமிச நிறுத்தத்துக்கும் காரணம் இருக்கு. எஞ்சின் நின்ற உடனே டீசல் ஓட்டம் நின்றுபோகும். எஞ்சினோடு ஒட்டி நிற்கிற பம்புக்கு எஞ்சின் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நிறுத்தி 15, 20 நிமிசத்தில்தான் பம்புக்குள்ள டீசல் ஆகக் கூடச் சூடு. டாங்கி காலியாகக் கிடந்தா இன்னும் மோசம். ரெயிலிலிருந்து திரும்பி வாற டீசல் சூடானது, குறைஞ்ச டீசலில் அது ஆற இடமில்ல. அளக்கும்போது டாங்கி எவ்வளவு என்றும் குறிச்சு வைங்க.

அளக்க முதல் ஒரு எச்சரிக்கை. இந்த வானின் எச்பி3 டீசல் பம்பில் இரண்டு ஊசி பிளக் ரெண்டு இருக்கு. பெரிசாத் துருத்திக்கொண்டு நிற்கிறது எஸ்சிவி. சின்னது எரிபொருள் வெப்பநிலை சென்சர். ரெண்டையும் மாறி அளந்துட்டு சாமானைத் தூக்கிப்போட்ட ஆக்கள் கனபேர். மீற்றரே பிரிச்சுக் காட்டும்: எஸ்சிவி 20 பாகையில் 1.9 முதல் 2.3 ஓம்ஸ். சென்சர் அதே 20 பாகையில் 2.21 முதல் 2.69 கிலோ ஓம்ஸ். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மீற்றர் 2.1 காட்டினா பக்கத்தில் கிலோ எழுத்து இருக்கா என்று பார்த்துட்டு வாயைத் திறக்க வேணும்.

80 பாகையில் சென்சருக்கு 0.287 முதல் 0.349 கிலோ ஓம்ஸ். இடையில் எனக்குப் பாவனையில் இருக்கிற அளவுகள்: 28 பாகையில் 1.78, 30இல் 1.65, 40இல் 1.14, 60இல் 0.58 கிலோ ஓம்ஸ். பத்து வீதம் அங்கால இங்கால போகலாம்.

பம்பின் உண்மைச் சூட்டைப் பார்க்க லேசர் வெப்பமானி பாவிச்சா, வெறும் அலுமினியத்தில் பிடிக்காதீங்க. மினுங்கிற உலோகத்தில் அது குறைச்சுக் காட்டும். சென்சருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கறுத்த இன்சுலேஷன் டேப் ஒட்டி, அது சூடேறின பிறகு டேப்பில் பிடிங்க.

கல்லடி_கேடிஎச் எழுதியது:

ரெண்டு அளவும் எடுத்தாச்சு. டாங்கி பாதிக்கு மேல.

காலை, சாவி ஓன், எஞ்சின் ஓஃப்: கூலன்ட் 28, காற்று 29, எரிபொருள் 17.

ஓடி வந்து இருபது நிமிசம் நிறுத்தின பிறகு: கூலன்ட் 86, எரிபொருள் 32. பம்பில் டேப் ஒட்டிப் பிடிச்சா 60.

பிளக்கைக் கழற்றி சென்சரின் ரெண்டு ஊசியிலும் நேரா அளந்தேன். காலையில் 1.77 கிலோ ஓம்ஸ், சூட்டில் 0.59.

செங்கலடி_டீசல் எழுதியது:

சென்சர் நல்லது. 28 பாகையில் 1.77, 60இல் 0.59. இதுக்கு மேல ஒரு சென்சரிடம் என்ன கேட்க? புதுசு வாங்கிப் பூட்டினாலும் அந்த 17 அப்படியே நிற்கும்.

மார்கழி மாரியிலயும் மட்டக்களப்பில் விடியக்காலை டீசல் 17 பாகைக்கு இறங்கிறதைக் காண ஏலாது. அந்த எண் சென்சருக்கும் ஈசியூவுக்கும் இடையில எங்கயோ பிறக்குது.

அக்கரைப்பற்று_வயரிங் எழுதியது:

செங்கலடி நானா சொன்னது சரி. இப்ப அந்த 17ஐயும் 32ஐயும் கொஞ்சம் பிடிச்சுப் பார்ப்பம், அது நிறையச் சொல்லுது.

17 பாகை என்று காட்ட ஈசியூவுக்குத் தெரியிற தடை கிட்டத்தட்ட 2.78 கிலோ ஓம்ஸ். சென்சர் 1.77. மிச்சம் 1 கிலோ ஓம்ஸ். 32 பாகை என்று காட்ட 1.53 கிலோ வேணும். சென்சர் 0.59. மிச்சம் கிட்டத்தட்ட அதே 1 கிலோ. காலையிலும் சூட்டிலும் வழியில் ஒரே ஆயிரம் ஓம்ஸ் தொடராகச் சேர்ந்து நிற்குது.

இந்த இடத்தை எல்லாரும் கவனமாகப் பாருங்க. அதே ஆயிரம் ஓம்ஸ் காலையில் 11 பாகைதான் பிழை காட்டுது. சூட்டில் 28 பாகை பிழை. ஏனென்றா சூட்டில் சென்சரின் சொந்தத் தடை 580 ஓம்ஸ்தான், அதுக்கு மேல ஆயிரம் ஏறினா கதையே மாறிப்போகும். குளிரில் 1,780க்கு மேல ஆயிரம் ஏறினா தாங்கும். ஆகவே துருவால வாற தொடர் தடை எப்பவும் சூட்டிலதான் கடிக்கும். காலை ஸ்டார்ட் நல்லா இருக்கும், பின்னேரம் இழுக்கும், கோடும் விழாது. ஈசியூவுக்கு 32 பாகை என்பது நம்பக்கூடிய எண். வயர் முழுசா விட்டுப்போகிற அந்தக் கண நேரத்தில் மட்டும்தான் பி0183 பதியுது. குலுங்கும்போது லைட் எரிஞ்சதும் இதாலதான்.

ஈரம் இறங்கினா நேர்மாறு. ரெண்டு ஊசிக்கும் இடையில உப்புத் தண்ணி பாலம் போட்டு, சென்சருக்குப் பக்கத்தில் இன்னொரு தடையைப் பூட்டினது போல ஆகும். 2 கிலோ கசிவு என்று வைங்க. காலையில் 1.78க்குப் பதிலா 0.94 தெரியும், 28 பாகை டீசலை 45 என்று வாசிக்கும். சூட்டில் 60 பாகையை 68, 69 என்று வாசிக்கும். இங்க பிழை குளிரிலதான் பெரிசு. காலையில் தேவைக்கு மேல டீசல் கொடுத்துப் புகைக்கும்.

சுருக்கிச் சொன்னா, குறைச்சுக் காட்டி சூட்டில் மோசமானா தொடர் தடை: துரு, கிரிம்ப் (வயரை ஊசியோடு அமத்தின இடம்), தளர்ந்த ஊசி. கூட்டிக் காட்டி குளிரில் மோசமானா கசிவு: தண்ணி, உருகின வயர். குளிரிலும் சூட்டிலும் ஒழுங்கில்லாம துள்ளினா மட்டும் சென்சரைச் சந்தேகப்படலாம்.

பொத்துவில்_ஹயர் எழுதியது:

இடையில நுழையிறதுக்கு மன்னிக்கணும். என் வான் மழை நாளில் மட்டும் காலையில் புகைக்கும், வெயில் வந்தா சரியாகும். பெருவெள்ளத்தில் ஒருக்கா சில்லு மறையத் தண்ணிக்குள்ளால ஓடினது. கோட் இல்ல. இது மேல சொன்ன கசிவாக இருக்குமா?

அக்கரைப்பற்று_வயரிங் எழுதியது:

இருக்கலாம் மச்சான். மழை நாள் காலையில் மூன்று வெப்பநிலையையும் பாருங்க. எரிபொருள் மட்டும் கூட நின்றா, பிளக்கைக் கழற்றிட்டு திரும்பப் பாருங்க. கழற்றின உடனே மைனஸ் 40 வர வேணும். பிளக் சென்சரில் இல்லாத நிலையிலயும் 10, 20 பாகை என்று ஏதாவது காட்டினா கசிவு வயர் பக்கத்தில். மைனஸ் 40க்குப் போனா கசிவு சென்சரின் வாய்க்குள்ள அல்லது பிளக் மூடியின் ரப்பருக்குள்ள. ரப்பர் சீல் இல்லாம பூட்டின பிளக்தான் அரைவாசிப் பேரின் கதை. கழற்றும்போது சின்ன ஒரு வளையம் கீழ விழும், விழுந்ததை ஒருத்தரும் தேடுறதில்ல. ஆனா புகைக்கு வேற காரணமும் கிடக்கு, இதை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிற்காதீங்க.

செங்கலடி_டீசல் எழுதியது:

கல்லடித் தம்பிக்கு அடுத்த வேலை. சாவி ஓஃப். பிளக்கைக் கழற்றி, வயர் பக்கத்துப் பிளக்கில் சென்சருக்குப் பதிலா ரெசிஸ்டர் வைங்க. ரேடியோ திருத்திற கடையில் கால் வாட் ரெசிஸ்டர் சில்லறைக் காசு. மூன்று வாங்குங்க: 2.2 கிலோ, 1 கிலோ, 330 ஓம்ஸ். வயர் நல்லதென்றா லைவ் டேட்டா முறையே 23, 44, 79 பாகைக்குக் கிட்டக் காட்ட வேணும். ஒரு பாகை ரெண்டு பாகை பறவாயில்ல. மறுகா ஒரு துண்டு வயரால் ரெண்டு ஊசியையும் இணைங்க, 140 வர வேணும். ஒன்றும் வைக்காம விட்டா மைனஸ் 40.

ரெசிஸ்டரின் கால் மெல்லிசு, அப்படியே உள்ளுக்குப் போகும். மீற்றரின் தடிச்ச ஊசியைப் பெண் முனைக்குள்ள திணிக்காதீங்க. ஒருக்கா விரிஞ்சா அது திரும்பச் சுருங்காது, நீங்களே ஒரு புதுக் கோளாறு செஞ்சு வச்ச மாதிரி ஆயிரும். பல்ப் போட்ட டெஸ்டரும் இந்த வயரில் வேணாம். ஈசியூ மில்லி அம்பியர் கணக்கில் வேலை செய்யிற இடம், பல்பின் இழுவைக்கு அது கட்டினதில்ல.

இந்த முறையின் நன்மை, சென்சரை முழுசா ஒதுக்கிட்டு மிச்சம் எல்லாத்தையும் ஒரேயடியாகச் சோதிக்கலாம். புது சென்சரை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்க்கிறதை விட இது நம்பிக்கை.

கல்லடி_கேடிஎச் எழுதியது:

வச்சுப் பார்த்தேன்.

2.2 கிலோ: 14 பாகை.
1 கிலோ: 25 பாகை.
330 ஓம்ஸ்: 36 பாகை.
நேரா இணைச்சா: 44. 140 வரவே இல்ல.
கழற்றினா: மைனஸ் 40.

பிளக்குக்குப் பின்னால வயரைப் பிடிச்சு ஆட்டினா 44 என்கிறது 50க்கு ஏறும், 35க்கு இறங்கும், சிலநேரம் மைனஸ் 40க்கு விழும். கூலன்டும் காற்றும் அசையவே இல்ல.

அக்கரைப்பற்று_வயரிங் எழுதியது:

ஆளைப் பிடிச்சாச்சு. நேரா இணைச்சும் 44 பாகை என்றா ஈசியூ பார்க்கிறது சரியா ஒரு கிலோ ஓம்ஸ், சென்சர் இல்லாமலே. கூலன்டும் காற்றும் சரியாக நிற்கிறதால ஈ2வின் பொதுப் பகுதி நல்லது. பழுது பம்புக்கு வாற கிளையில மட்டும். ஆட்டினா மாறுது என்றதால பிளக்கில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளதான்.

பற்றரி மைனஸைக் கழற்றி, ஈசியூ பிளக்கையும் கழற்றிட்டு ரெண்டு வயரையும் தனித்தனி முனைக்கு முனை அளங்க. நல்ல வயர் 1 ஓம்ஸுக்குக் கீழ காட்டும். ரெண்டு வயருக்கும் இடையிலயும், ஒவ்வொன்றில் இருந்து பொடிக்கும் 10 கிலோவுக்கு மேல இருக்க வேணும். பழுதான வயரில் ஒரே இடத்தை ரெண்டு தரம் அளந்தா ரெண்டு எண் வரும். குழம்ப வேணாம், பச்சைத் துருவின் குணம் அது.

மீற்றரில் ஓம்ஸ் அளக்கும்போது ஈசியூ பூட்டியிருக்கவே கூடாது. அப்ப வாறது வயரின் அளவில்ல, ஈசியூவுக்குள்ள இருக்கிறதையும் சேர்த்த ஒரு எண்.

கல்லடி_கேடிஎச் எழுதியது:

டிஎச்எஃப் (சென்சரின் சிக்னல்) வயர் 1.02 கிலோ, பிறகு 0.87, ஆட்டினா திறந்து போகுது. ஈ2 வயர் 0.5 ஓம்ஸ். பிளக்கின் பின்பக்க ரப்பரை இழுத்துப் பார்த்தேன். வெளியில இருந்து பார்க்க ஊசி மினுமினுப்பா இருக்கு. ஆனா வயரை ஊசியோடு அமத்தியிருக்கிற கிரிம்ப் பச்சைத் தூளாக் கிடக்கு. இன்சுலேஷனைக் கால் அங்குலம் சீவினா உள்ள செம்பு கறுத்துப் போயிருக்கு. வயரும் டீசல் மணக்குது.

இதை எப்படிச் செய்யிறது? வெட்டிட்டு முறுக்கி டேப் சுத்தினா போதுமா?

அக்கரைப்பற்று_வயரிங் எழுதியது:

முறுக்கி டேப் சுத்தினா அடுத்த மாரிக்கு இதே இழையில் திரும்ப எழுதுவீங்க. கடற்கரை ஊரில் டேப்புக்குள்ள உப்புக்காற்று போகும், வெளியில வராது.

கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, கிரிம்பும் நிற்காது. இன்சுலேஷனைச் சீவிச் சீவிப் பின்னுக்குப் போங்க, செம்பு சிவந்து மினுங்கிற இடம் வரைக்கும். சிலநேரம் ரெண்டு அங்குலம், சிலநேரம் ஒரு சாண். துரு வயருக்குள்ள ஊர்ந்து போகிற சாமான், வெளியில ஒரு அடையாளமும் காட்டாது. அங்க வெட்டுங்க. ரெண்டு வயரையும் ஒரே நீளத்தில் வெட்டாதீங்க. இணைப்பு ரெண்டும் ஒன்றுக்கொன்று ஒரு அங்குலமாவது தள்ளி விழட்டும், அப்ப தேஞ்சாலும் ஒன்றோடொன்று படாது.

பிளக்கைப் பழைய வானிலிருந்து வயர்வாலோடு எடுங்க. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் உடைச்சு விற்கிற இடங்களில் ஒரு சாண் வாலோடு கேட்டா வெட்டித் தருவாங்க. வாங்க முதல் பின் ரப்பரை இழுத்து கிரிம்பைப் பாருங்க. அதுவும் பச்சையா இருந்தா எடுக்காதீங்க. அரை சதுர மில்லிமீற்றர் வயர் போதும். இணைப்பைக் கிரிம்ப் குழாயில் அமத்தி, உள்ள பசையுள்ள சுருங்கு குழாயை ஹீட் கன்னால் சுருக்குங்க. பசை ரெண்டு முனையிலும் கசிஞ்சு வெளியில தெரிய வேணும். தெரியல என்றா அது மூடல. லைட்டரால் சுட்டா ஒரு பக்கம் கருகும், மற்றப் பக்கம் சுருங்காது.

சிலிக்கோன் அடைக்கிற பழக்கம் நம்ம பக்கம் நிறைய. வினாகிரி மணம் வாற சிலிக்கோனை இதில் கிட்டயும் கொண்டு வராதீங்க. அது காயும்போது விடுற அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும், நீங்கள் அடைச்சது துருவைத்தான். பிளக்கின் ரப்பரில் மட்டும் மின்னிணைப்புக் கிரீஸை மெல்லிசாத் தடவுங்க.

டீசல் மணம்தான் எனக்குப் பிடிக்கல. பிளக்குக்குள்ள டீசல் வந்திருந்தா சென்சரின் ஊசி அடியால கசியுது. அந்த டீசல் வயரின் இழைகளுக்கு இடையால ஊறி, இன்சுலேஷனுக்குள்ளாலயே ஈசியூ வரைக்கும் போகக்கூடியது. சென்சரின் வாயைக் கொன்டாக்ட் கிளீனரால் கழுவி, காற்றடிச்சுக் காய வச்சு, எஞ்சினை அரை மணித்தியாலம் ஓட விட்டுத் திரும்பப் பாருங்க. உள்ள ஈரம் வந்தா, தடை எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த சென்சர் மாற்ற வேண்டியதுதான். பம்பின் மேல ஒழுகி வெளியிலிருந்து வயரை நனைச்சிருந்தா அது வேற கதை. ரிட்டர்ன் பைப்பின் வொஷரையும் ஹோஸையும் பாருங்க.

செங்கலடி_டீசல் எழுதியது:

சென்சரைக் கழற்ற வேண்டி வந்தா மட்டும் இதை வாசிங்க. எஞ்சின் ஓஃப் பண்ணி ஆற விடுங்க. சென்சர் நிற்கிறது பம்பின் குறைஞ்ச அழுத்தப் பக்கம், ஆனா கைக்கெட்டின தூரத்தில் 1,600 பார் வரை போற பைப் இருக்கு. எஞ்சின் ஓடும்போது அந்தப் பைப்பின் எந்த நட்டையும் தொடக்கூடாது. தாரை தோலுக்குள்ள போகும், ஆஸ்பத்திரி வேலை.

கழற்ற முதல் சுற்றிவரக் கழுவிக் காற்றடிங்க. இதில் பொறுமை இல்லாட்டி வேலையே வேணாம். பம்புக்குள்ள விழுகிற ஒரு மணல் எஸ்சிவிக்கும் இன்ஜெக்டருக்கும் போய் முடியும். துவாரத்தைத் துணியால் அடைக்காதீங்க, நூல் விடும். சுத்தமான பிளாஸ்டிக் மூடி போடுங்க. பழைய வளையத்தைத் திரும்பப் போடாதீங்க, புதுசை டீசலில் நனைச்சுப் பூட்டுங்க. பிறகு ஃபில்டர் தலையில் இருக்கிற கைப்பம்பை இறுகும் வரைக்கும் அமத்திக் காற்றெடுங்க. காற்றெடுக்காம சுத்திக்கொண்டே இருந்தா ஸ்டார்ட்டரும் பற்றரியும்தான் சாகும்.

கழற்றின சென்சரைச் சோதிக்க சுடுதண்ணிக் குவளை போதும். நுனியை மட்டும் அமிழ்த்துங்க, ஊசிப்பக்கம் நனையக் கூடாது. தண்ணி 80இல் இருந்து ஆற ஆற 60, 40 என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிசம் விட்டு அளங்க. எண் ஒழுங்காக ஏறிவர வேணும். நடுவில ஒரு இடத்தில் துள்ளினாலோ திறந்துபோனாலோ உள்ள வெடிப்பு. குளிரில் அளந்து நல்லம் என்று சொன்ன சென்சர் 50 பாகைக்கு மேல விடுறதும் உண்டு. குளிரில் மட்டும் பார்த்துட்டு நல்லம் என்று சொல்லாதீங்க.

கல்லடி_கேடிஎச் எழுதியது:

வாலோடு பிளக் மாற்றி, சொன்னபடி இணைச்சாச்சு. செம்பு சிவப்பா வர நாலு அங்குலம் வெட்ட வேண்டி வந்தது. சென்சர் வாய்க்குள்ள ஈரம் திரும்ப வரல. கசிஞ்சது மேல ரிட்டர்ன் ஹோஸ், அதையும் கிளிப்பையும் மாற்றினேன்.

இப்ப நேரா இணைச்சா 140. 1 கிலோ ரெசிஸ்டருக்கு 44. காலையில் கூலன்ட் 27, காற்று 28, எரிபொருள் 28. சூட்டில் நிறுத்தின பிறகு எரிபொருள் 59, பம்பில் டேப்பில் 61. ஸ்டார்ட் ரெண்டரை செக்கனுக்குள்ள பிடிக்குது. கோட் அழிச்ச பிறகு கிறவல் ரோட்டில் ஓடியும் லைட் எரியல.

மண்முனை_மெக்கானிக் எழுதியது:

சந்தோசம். ஆனா சூட்டில் ரெண்டரை செக்கன் என்றதையும் அப்படியே விடாதீங்க. நல்ல 1கேடி சூட்டிலும் ஒரு செக்கனுக்குக் கிட்டப் பிடிக்கும். சூட்டில் சுத்தும்போது ரெயில் பிரஷரையும் லைவ் டேட்டாவில் பாருங்க. கேட்கிற பிரஷருக்கும் கிடைக்கிறதுக்கும் இடைவெளி கன நேரம் நின்றா இன்ஜெக்டர் ரிட்டர்னை அளக்க வேணும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி போத்தலில் பிடிச்சு, ஐடிலில் ஒரே நேரம் ஓட விட்டு அளவை ஒப்பிடுங்க. ஒரு போத்தல் மட்டும் மற்றதை விட ரெண்டு மடங்கு நிறைஞ்சா அந்த இன்ஜெக்டர். நாலும் ஒத்து நின்றாத்தான் எஸ்சிவியையும் பம்பையும் பார்க்கலாம். அதை சூட்டிலதான் செய்ய வேணும், குளிரில் எல்லாம் நல்லாத்தான் நிற்கும்.

அக்கரைப்பற்று_வயரிங் எழுதியது:

மண்முனை அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போறன். இப்ப எரிபொருள் வெப்பநிலை உண்மை சொல்றதால அந்தச் சோதனைக்கும் அர்த்தம் இருக்கும்.

ஏறாவூர்_121 எழுதியது:

என்னட்ட இருக்கிறது டீசல் கொரோல்லா 121, 3சி எஞ்சின், எலக்ட்ரோனிக் பம்ப். கொமன் ரெயில் இல்ல. ஈஎல்எம்327 என்ற மலிவு ஸ்கானரைப் போட்டா காரோடு பேசுதே இல்ல. இதே சோதனை இதுக்கும் சரிவருமா?

செங்கலடி_டீசல் எழுதியது:

சென்சரின் குணம் அதேதான், 20 பாகையில் 2.2 முதல் 2.7 கிலோ. ஜப்பான் உள்நாட்டு மொடல்களோடு மலிவு ஈஎல்எம் பல இடத்தில் பேசாது, அதுக்காகப் பயப்பட வேணாம். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற 16 ஊசி சொக்கெட்டில் 4ஆம் ஊசியையும் 13ஆம் ஊசியையும் ஒரு துண்டு வயரால் இணைச்சு சாவியை ஓன் பண்ணுங்க. பக்கத்தில் 16ஆம் ஊசிக்கு எப்பவும் பற்றரி வரும், அதில் வயர் படாமப் பாருங்க. செக் எஞ்சின் லைட் மின்னும். மூன்று தரம் மின்னி, ஒன்றரை செக்கன் விட்டு, ஒன்பது தரம் மின்னினா 39, அதுதான் எரிபொருள் வெப்பநிலை சர்க்கியூட். இடைவிடாம ஒரே தாளத்தில் மின்னினா கோட் இல்ல.

லைவ் டேட்டா இல்லாட்டியும் வோல்டேஜால் பார்க்கலாம். பிளக் பூட்டியபடி, சாவி ஓனில், ஈசியூ பக்கத்தில் டிஎச்எஃப்புக்கும் ஈ2வுக்கும் இடையில ஒருதரம், பம்பில் சென்சரின் ரெண்டு வயருக்கும் இடையில ஒருதரம் அளங்க. ரெண்டு இடத்திலும் ஒரே வோல்டேஜ் வர வேணும். ஈசியூவில் கூடவும் பம்பில் குறையவும் வந்தா வழியில தடை இருக்கு. மேல கண்டது போலதான்.

இந்தப் பம்பில் சூட்டு ஸ்டார்ட் பிரச்சினைக்குப் பம்பின் மேல தண்ணி ஊற்றிப் பார்க்கிற பழக்கம் ஒன்று இருக்கு. தண்ணி ஊற்றினா பம்பும் ஆறும், சென்சரும் ஆறும், எது சரிவந்தது என்று பிரிக்க ஏலாது. சூடான பம்பை ஒரேயடியாகக் குளிராக்கினா உள்ள நெருக்கமாகப் பொருத்தின ரோட்டர் இறுகவும் கூடும். அதுக்குப் பதிலா சூட்டில் இழுக்கிற நேரம் சென்சர் பிளக்கைக் கழற்றிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கழற்றின உடனே ஈசியூ தன்னிடம் உள்ள நிலையான ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். அப்ப உடனே பிடிச்சா சென்சரோ வயரோ பொய் சொல்லுது. ஒரு மாற்றமும் இல்லாட்டி பம்பின் தேய்வைப் பாருங்க. சோதிச்சு முடிஞ்ச பிறகு பிளக்கைப் பூட்டி, விழுந்த 39ஐ அழிங்க.